கடலோரச் சமவெளியில் வளர்ந்த பையன் ஏற்றத்தில் தேர்ந்த சைக்கிள் வீரனாக முடியுமா?

தண்டையார்பேட்டைத் தாய்மாமன்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காள் மகனுக்கு வருகிற தை மாதம் 17 வயது நிறைகிறது. அவனுடைய அப்பா காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். விடியற்காலை இரண்டு மணிக்கு அவரோடு துறைமுகத்துக்குப் போய், பெட்டிகளுக்கு ஐஸ் போட்டுக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்கெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் கிளம்பிவிடுவான். மூன்று வருடங்களாக ஒரு நாளும் தவறியதில்லை. இரண்டாம் கையாக வாங்கிய ரோடு பைக் அது. ஆள் 52 கிலோ. உயரம் ஐந்தடி ஆறு அங்குலம்.

சமவெளியில் அவன் பெரிதாக ஒன்றும் சாதித்ததில்லை. ஈ.சி.ஆரில் நண்பர்களோடு ஓட்டினால் கடைசி ஐந்து கிலோமீட்டரில் கட்டுமஸ்தான பையன்கள் இவனைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் போன மாதம் அதே கூட்டம் ஏலகிரிக்குப் போனபோது நான் மோட்டார் பைக்கில் பின்னால் போயிருந்தேன். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவு வரை எல்லோரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். அதன்பின் ஒவ்வொருவராகப் பின்தங்க, ஏழாவது வளைவில் இவன் தனியாக இருந்தான். நான் என்ஜினை அணைத்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தேன். செயின் பல்லில் ஏறும் சத்தமும் அவன் மூச்சும் மட்டும் கேட்டன. முதுகில் வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. முகத்தில் சிரமம் இருந்தது, ஆனால் பயம் இல்லை. அந்த முகத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து கிளைம்பர், அதாவது ஏற்றத்தில் தேர்ந்த சைக்கிள் வீரன், ஆகப் போகிறேன் என்கிறான். இத்தாலிய வீரர் மார்கோ பாண்டானியின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். என் அக்காவோ, "நம்ம ஊரில் மேடு என்று இருப்பது மேம்பாலம் ஒன்றுதான், இவன் எங்கே போய் மலை ஏறுவான்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏற்றத்துக்கென்றே பெயர் வாங்கிய வீரர்கள் எல்லோரும் மலையில் பிறந்தவர்கள்தானா? அவர்களுடைய தொழில் வாழ்க்கை எப்படிப் போகிறது? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொன்னால் அக்காவிடம் படித்துக் காட்டுவேன்.

பழைய ராயபுரம்

தம்பி, உங்கள் மருமகன் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த மனிதரிடமிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் அக்காவின் கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது. பாண்டானி 1970-இல் செசேனாவில் பிறந்து, செசெனாட்டிகோவில் வளர்ந்தவர். அது இத்தாலியின் கிழக்குக் கரையில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில், மீன்பிடி படகுகள் நிற்கும் ஊர். தெருவெல்லாம் நம் ராயபுரம் போலத் தட்டையாகவே இருக்கும். ஆனால் சைக்கிளில் சில மணி நேரம் உள்நாட்டுப் பக்கம் போனால் அப்பெனைன் மலைத்தொடர் வந்துவிடும். அங்கே உள்ள கார்பெஞ்ஞா என்ற செங்குத்தான ஏற்றத்தில்தான் அவர் தம்மைத் தயார்செய்துகொண்டார். பெரிய மலைகளைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை, தமக்குக் கார்பெஞ்ஞா போதும் என்று அவர் சொன்னதை அவ்வூர்க்காரர்கள் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள்.

உயரம் 1.72 மீட்டர், எடை 57 கிலோ அளவு. 1992-இல் அமெச்சூர்களுக்கான இத்தாலியச் சுற்றை வென்றுவிட்டு அதே வருடம் தொழில்முறை வீரரானார். 1994 ஜூன் 4, 5 ஆகிய இரண்டே நாட்களில் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது. மூன்று வாரம் நடக்கும் இத்தாலியச் சுற்றில் முதல் நாள் மெரானோவில் வென்றார். மறுநாள் ஸ்டெல்வியோ, மோர்டிரோலோ என்ற மலையேற்றங்கள் அடங்கிய பயங்கரமான பாதையில், அப்போது யாராலும் அசைக்க முடியாதவராக இருந்த மிகேல் இந்துராயினைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அப்ரிகாவில் தனியாக வந்து சேர்ந்தார். மோர்டிரோலோ பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், சராசரிச் சரிவு 10 விழுக்காட்டுக்கும் அதிகம். அந்தச் சுற்றில் அவருக்கு இரண்டாம் இடம். அடுத்த மாதமே, டூர் என்று சுருக்கமாகச் சொல்லும் மூன்று வாரப் பிரெஞ்சுப் பந்தயமான டூர் டி பிரான்ஸில் மூன்றாம் இடம்.

அவர் ஏறும் விதமே தனி. மற்றவர்கள் ஏற்றத்தில் ஹேண்டில்பாரின் மேல்பகுதியைப் பிடித்து உட்கார்ந்தபடி ஏறுவார்கள். இவர் சமவெளியில் கடைசி நேரத்தில் பாயும் ஸ்பிரிண்டர்களைப் போலக் கீழ்வளைவைப் பிடித்துக்கொண்டு, சீட்டை விட்டு எழுந்து, நின்றபடியே வெகுநேரம் மிதிப்பார். திடீரென வேகமெடுத்துத் தாக்கப் போகும் முன் தலைக்குட்டையை அவிழ்த்து எறிவது வழக்கம். அதைப் பார்த்தவுடன் சாலையோரத்துக் கூட்டம் எழுந்துவிடும்.

ஆனால் தம்பி, அந்த வாழ்க்கையில் ஏற்றத்துக்குச் சமமாக விழுந்து கிடந்த காலமும் உண்டு. 1995 அக்டோபரில் மிலான்–டுரின் பந்தயத்தின் இறக்கத்தில், எதிரே வந்த வாகனத்தில் மோதி ஒரு காலின் கீழெலும்புகள் இரண்டும் முறிந்தன. 1996 முழுவதும் ஏறக்குறைய வீணாகப் போயிற்று. 1997-இல் திரும்பி வந்தால், இத்தாலியச் சுற்றில் ஒரு பூனை குறுக்கே ஓட, மறுபடி விழுந்து விலக நேர்ந்தது. அதே வருடம் ஜூலையில் டூரில், 21 வளைவுகள் கொண்ட ஆல்ப் துவேஸ் மலையின் 13.8 கிலோமீட்டரை 38 நிமிடத்துக்குள் ஏறி வென்றார்.

1998-ஐப் பற்றி எழுதும்போது எனக்கு இப்போதும் மயிர் கூச்செறிகிறது. இத்தாலியச் சுற்றை வென்றுவிட்டுப் பிரான்சுக்கு வந்தவர், ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் முதல் நீண்ட தனிநபர் நேரப் போட்டியிலேயே ஜெர்மனியின் யான் உல்ரிக்கிடம் நான்கு நிமிடத்துக்கு மேல் இழந்தார். எடை குறைந்தவர்களுக்குச் சமவெளியில் விழும் அடி அதுதான். ஜூலை 27-ஆம் நாள், 2,642 மீட்டர் உயரமுள்ள காலிபியே கணவாயில், கொட்டும் குளிர்மழையில், எல்லைக்கோட்டுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குப் பாதை மீதமிருக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனார். உச்சியில் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி, மீண்டும் ஏறி, லெ தூ ஆல்ப்பில் வந்து நின்றபோது உல்ரிக் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பின்னால் இருந்தார். அந்த ஒரு பிற்பகல்தான் டூரைத் தீர்மானித்தது. 1965-இல் ஃபெலிசே ஜிமோந்திக்குப் பிறகு டூரை வென்ற முதல் இத்தாலியர் அவர். ஒரே வருடத்தில் இத்தாலியச் சுற்றையும் டூரையும் வென்ற சாதனையை, அவருக்குப் பிறகு 2024-இல் ததேய் பொகாச்சார் செய்யும் வரை வேறு யாரும் செய்யவில்லை. கடலோரத்துப் பையனால் இது முடிந்தது என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

எண்ணூர் எதிர்க்காற்று

வணக்கம் அண்ணா. நான் திருவொற்றியூரில் இருந்து பத்து வருடமாக நெடுந்தூரம் ஓட்டுகிறவள். பெரியவர் சொன்னதோடு இன்னொரு பெயரையும் அக்காவிடம் சொல்லுங்கள்: யோனாஸ் விங்கெகோர். டென்மார்க்கின் வடக்கே ஹில்லர்ஸ்லெவ் என்ற சிற்றூர்க்காரர். அந்த நாட்டின் மிக உயரமான இயற்கை மேடே 171 மீட்டரை எட்டாது. தொழில்முறை வீரராவதற்கு முன் ஹான்ஸ்ட்ஹோல்ம் என்ற துறைமுக ஊரில் காலை நேரத்தில் மீன் வேலை பார்த்தவர். பெட்டியில் மீனையும் ஐஸையும் நிரப்பிவிட்டு, பிற்பகலில் பயிற்சிக்குப் போவார். 2022-இல் அவர் டூர் டி பிரான்ஸை வென்றபோது ஒட்டுமொத்த முதலிடத்துக்கான மஞ்சள் சட்டையோடு, ஏற்றங்களில் அதிகப் புள்ளி எடுத்தவருக்குக் கிடைக்கும் சிவப்புப் புள்ளிச் சட்டையும் அவருக்கே கிடைத்தது. 2023-இல் மறுபடியும் டூரை வென்றார். உங்கள் மருமகனின் விடியற்காலைக்கும் அவருடைய விடியற்காலைக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

தட்டை நாட்டுக்காரர்கள் மலையில் வெல்வது தற்செயலும் அன்று. பெரியவர் குறிப்பிட்ட அதே ஆல்ப் துவேஸில் 1976 முதல் 1989 வரை நெதர்லாந்துக்காரர்கள் எட்டு முறை வென்றிருக்கிறார்கள். அந்த மலைக்கே டச்சுக்காரர் மலை என்று பெயர் வந்துவிட்டது. அங்கே ஒவ்வொரு வளைவிலும் வென்றவர் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏலகிரி வளைவுகளுக்கு நாம் புலவர்கள், வள்ளல்கள் பெயரைச் சூட்டியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

காரணம் எளிய கணக்கு. சமவெளியில் வேகமாகப் போகும்போது உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்று. உடம்பு பெரிதானாலும் காற்றின் தடை அதே அளவுக்குக் கூடுவதில்லை. ஆகவே மொத்தச் சக்தி அதிகமுள்ள கனமான ஆள் ஜெயிப்பார். ஏற்றத்திலோ வேகம் குறைந்துவிடுவதால் காற்று ஒதுங்கிக்கொள்ள, எடை வந்து முன்னால் நிற்கும். உங்கள் மருமகனும் சைக்கிளும் தண்ணீர்ப் போத்தலும் சேர்த்து 65 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 1,000 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் சுமார் 177 வாட் சக்தி வேண்டும். மொத்தம் 90 கிலோ உள்ளவருக்கு அதே வேலைக்கு 245 வாட். எனவே ஏற்றத்தில் கேட்க வேண்டியது எத்தனை வாட் என்பதன்று, ஒரு கிலோவுக்கு எத்தனை வாட் என்பதுதான். அந்த எண் இதயத்திலும் நுரையீரலிலும் கால் தசையிலும் இருக்கிறது, பிறந்த ஊரின் உயரத்தில் இல்லை.

பயிற்சிக்கு மலை இல்லையே என்றால், எனக்கு மலையாக இருப்பது எண்ணூர்க் காற்றுதான். ஏற்றத்தின் குணம் என்னவென்றால், மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். சமவெளியில் நம்மை அறியாமலே இடையிடையே கால் ஓய்வெடுத்துக்கொள்கிறது. அந்த ஓய்வைப் பறிக்க வேண்டும். காற்று எதிரே அடிக்கும் நாளாகப் பார்த்து, கொஞ்சம் கனமான கியரில், இருபது நிமிடம் ஒரு நொடியும் காலை நிறுத்தாமல் மிதிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் மெதுவாக ஓட்டிவிட்டு, மறுபடி ஒரு இருபது. மேம்பாலத்தில் ஏறி இறங்குவதை நான் குறை சொல்லமாட்டேன், ஆனால் அது ஒரு நிமிட வேலை. முக்கால் மணி நேர ஏற்றத்துக்கு அது மட்டும் போதாது. வீட்டில், சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெயினர் கருவி இருந்தால் முன்சக்கரத்தை ஒரு பலகை மேல் தூக்கி வைத்து ஓட்டலாம். ஏற்றத்தில் இடுப்பும் முதுகும் நிற்கும் கோணத்துக்கு உடம்பு பழகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏலகிரியோ, ஏற்காடோ, 70 வளைவுகள் கொண்ட கொல்லிமலையோ போய் வந்தால், செய்த பயிற்சிக்கு என்ன பலன் என்று தெரிந்துவிடும்.

ஒரு வேண்டுகோள்: விடியற்காலையில் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை அது. பின்விளக்கு இல்லாமல் ஒரு நாளும் அனுப்பாதீர்கள்.

வியாசை பழைய கையுறை

நான் சைக்கிள்காரன் இல்லை, இளமையில் குத்துச்சண்டை போட்டவன். ஆனாலும் இந்த உரையாடலில் இரண்டு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

முதலாவது, பாண்டானியைப் பற்றிப் பெரியவர் 1998-இலேயே நிறுத்திவிட்டார். அந்தப் படத்தைச் சுவரில் வைத்திருக்கும் 17 வயதுப் பையனுக்கு மீதியும் தெரிய வேண்டும். 1999 ஜூன் 5-ஆம் நாள், இத்தாலியச் சுற்று முடிய இரண்டே நாள் இருக்கையில், தலைமைச் சட்டை அவர் தோளில் இருக்கும்போது, மடோன்னா டி காம்பிலியோ என்ற மலையூரில் காலை இரத்தப் பரிசோதனை நடந்தது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. அவருக்கு 52 இருந்தது. அன்றே வெளியேற்றப்பட்டார். ஈ.பி.ஓ என்ற மருந்து சிவப்பணுக்களைப் பெருக்கித் தசைகளுக்கு அதிகப் பிராணவாயுவைக் கொண்டுபோகும். ஏற்றத்தில் அதன் பலன் நேரடியாகத் தெரியும் என்பதால் அந்தக் காலத்துக் கிளைம்பர்களைப் பிடித்த நோய் அது. 1998 டூரில் எடுத்து வைத்திருந்த மாதிரிகளைப் பின்னாளில் சோதித்ததில் பாண்டானியின் மாதிரியிலும் உல்ரிக்கின் மாதிரியிலும் அந்த மருந்து இருந்ததைப் பிரெஞ்சு செனட் சபை 2013-இல் வெளியிட்டது. 2000 டூரில் பாண்டானி வான்தூ மலையிலும் கூர்ஷெவெலிலும் வென்றார். அதன்பின் அவர் பழைய ஆளாக ஆகவே இல்லை. 2004 பிப்ரவரி 14-ஆம் நாள் ரிமினியில் ஒரு விடுதி அறையில், கோக்கெய்னால், 34 வயதில் தனியாக இறந்து கிடந்தார்.

இரண்டாவது, எடை. எங்கள் பக்கத்தில் குத்துச்சண்டைப் பையன்கள் எடை பார்க்கும் நாளுக்கு முன் தண்ணீரைக் கூடத் தொடாமல், போர்வையைச் சுற்றிக்கொண்டு ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன், நானும் ஓடியிருக்கிறேன். தராசு முள் இறங்கும், ஆனால் மூன்றாவது சுற்றில் கால் நடுங்கும். ஒரு கிலோவுக்கு இத்தனை வாட் என்று சகோதரி சொன்ன கணக்கைக் கேட்டதும் ஒரு பையன் என்ன செய்வான்? வாட்டைக் கூட்டுவது கடினம், சோற்றைக் குறைப்பது சுலபம் என்று நினைப்பான். வளரும் எலும்புக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. 52 கிலோ போதும். அவன் வீட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை, வயிறாரச் சாப்பிடட்டும்.

பழைய ராயபுரம்

நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். நான் நிறுத்தியதற்குக் காரணம் மறைக்கும் எண்ணமல்ல. அந்தக் காலிபியே மழையை நினைத்துவிட்டு ரிமினி அறையைப் பற்றி எழுதக் கை வரவில்லை. அது என் பலவீனம். பையனிடம் இரண்டையும் சொல்வதுதான் முறை.

தொழில் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டதற்கு, சுவரில் இடம் இருந்தால் லூசியன் வான் இம்பேயின் படத்தையும் ஒட்டச் சொல்லுங்கள். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்காரர், 1.67 மீட்டர் உயரம். 15 முறை டூரில் கலந்துகொண்டு, 15 முறையும் பாரிஸ் வரை ஓட்டி முடித்தவர். ஏற்றப் புள்ளிகளில் ஆறு முறை முதலிடம். 1976-இல் டூரையே வென்றார். அதிலும் அணி இயக்குநர் சிரில் கிமார் விரட்டி விரட்டித் தாக்கச் சொன்னதால்தான் அந்த மஞ்சள் சட்டை கிடைத்தது. விட்டிருந்தால் புள்ளிச் சட்டையோடு திருப்தி அடைந்திருப்பார். அவருக்கு முன் ஆறு முறை அதே பட்டத்தை எடுத்தவர் ஸ்பெயினின் ஃபெதெரிகோ பகமோந்தெஸ். அவர்மீது கொண்ட மரியாதையால் ஏழாவதுக்கு முயலவில்லை என்று வான் இம்பே சொல்லியிருக்கிறார். பின்னாளில் ரிஷார் விராங்க் ஏழு முறை எடுத்தார். ஆனால் 1998-இல் வெடித்த ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கி, 2000-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவர் அவர். எனக்கு ஆறுதான் பெரிய எண்.

பெரும்பாலான கிளைம்பர்களுக்குத் தலைமை கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அணித் தலைவருக்கு முன்னால் நின்று, எதிராளிகளுக்கு மூச்சு வாங்கும் வேகத்தில் மலையில் இழுத்துக்கொண்டு போய், கடைசி சில கிலோமீட்டரில் ஒதுங்கிவிடுவதே அவர்களுடைய வேலை, அதற்குத்தான் சம்பளம். செப் குஸ் அப்படிப்பட்டவர். 2023-இல் இத்தாலியச் சுற்றில் ப்ரிமோஷ் ரோக்லிச்சுக்கும் டூரில் விங்கெகோருக்கும் உழைத்து இருவரையும் வெல்ல வைத்தார். அதே வருடம் ஸ்பெயின் சுற்றில் அவரே வென்றார். இந்தியாவிலிருந்து இதுவரை யாரும் டூரில் ஓட்டியதில்லை. இங்கே சைக்கிள் வீரனுக்குச் சோறு போடுவது ரயில்வேயும் இராணுவமும் விளையாட்டு ஒதுக்கீட்டில் தரும் வேலைதான். அதற்குத் தேசியப் போட்டிகளில் பெயர் வாங்க வேண்டும், அங்கே தனிநபர் நேரப் போட்டியும் உண்டு. ஆகையால் ஏற்றம் மட்டும் போதும் என்று 17 வயதில் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டாம்.

தண்டையார்பேட்டைத் தாய்மாமன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். ஹான்ஸ்ட்ஹோல்ம் வந்தபோது அவன் அப்பா நிறுத்தச் சொல்லி, "அந்தப் பிள்ளை பெட்டிக்கு எவ்வளவு ஐஸ் போடுவானாம்?" என்று கேட்டார். இதுவரை சைக்கிள் விஷயத்தில் அவர் வாய் திறந்ததே இல்லை. 1999-ஐப் படிக்கும்போது பையன் தலை குனிந்தபடி இருந்தான். பிறகு உள்ளே போய், படத்தைக் கிழிக்காமல், அதன் ஓரத்தில் பேனாவால் 1998 என்றும் 2004 என்றும் எழுதினான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள், இரவுச் சோற்றைக் குறைக்கக் கூடாது. அடுத்த மாதம் மறுபடி ஏலகிரி போகிறோம். அவனுடைய சைக்கிளில் முன்னால் 39 பல், பின்னால் பெரியது 25 பல். கடைசி வளைவுகளில் முழங்கால் வலித்ததாகச் சொன்னான். மாற்ற வேண்டுமா?

எண்ணூர் எதிர்க்காற்று

கட்டாயம் மாற்றுங்கள் அண்ணா. வளரும் வயதில் அவ்வளவு கனமான கியரில் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கும் குறைவாக மிதித்தால் முழங்கால்தான் விலை கொடுக்கும். முன்னால் 34, பின்னால் 32 போட்டால் உட்கார்ந்தபடியே எழுபது சுற்றுக்கு மேல் மிதிக்கலாம். கேஸட்டோடு, அதாவது பின்பல் தொகுதியோடு, செயினும் புதிதாகப் போட வேண்டும். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் பின் டெரெய்லர் 32 பல்லைத் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய டெரெய்லராக இருந்தால் 28-இல் நிறுத்திக்கொள்ளலாம்.

இறக்கத்தையும் சொல்லிக்கொடுங்கள். பெரியவர் சொன்ன பகமோந்தெஸ் 1954-இல் ஒரு கணவாயின் உச்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, கீழே இறங்காமல், ஐஸ்கிரீம் வாங்கித் தின்றபடி மற்றவர்களுக்காகக் காத்திருந்தார். கல் பட்டுச் சக்கரக் கம்பி உடைந்துவிட்டது என்று அவர் காரணம் சொன்னாலும், தனியாக இறங்க அவருக்கு அச்சம் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஏறிச் சேர்த்த நிமிடங்களை இறக்கத்தில் இழந்தவர்கள் பலர். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக் பிடிக்கக் கூடாது, நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். உங்களுடையது சக்கர வளையத்தைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால், தொடர்ந்து அழுத்தியபடி இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். விட்டு விட்டு, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கட்டும். கிளம்பும் முன் பிரேக் கட்டைகளைக் கழற்றிப் பாருங்கள். காசிமேட்டு உப்புக் காற்றில் நின்ற சைக்கிள் என்றால் கேபிளும் உள்ளே துருப்பிடித்திருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள்.